நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங்கில் கடவுள் வந்தால்: அமெரிக்கச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களையும் போதைப்பொருள் வைத்திருந்தவர்களையும் நீதிமன்றங்கள் பல நேரம் சிறைக்கு அனுப்பாமல் கவுன்சலிங்குக்கு அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கவுன்சலிங் ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடிந்தால் என்ன செய்வது? போகாவிட்டால் சிறை என்று சொல்லி ஒருவரை அரசு பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார வைக்கலாமா? அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கிற தமிழர்களுக்கும் இந்தக் கேள்வி வரலாம். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் வழக்குக்கு உங்கள் மாநிலத்து வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்கிற ஏஏ கூட்டங்களில். 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் தொடங்கிய இயக்கம் அது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவின் கூட்டங்களில் கற்றதைத்தான் குடிநோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பாவத்தை ஒப்புக்கொள்வது, தீங்கு செய்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது, இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை.

ஏஏவில் கட்டணம் கிடையாது. ஊர்தோறும் கூட்டம் நடக்கும், எந்தக் கிழமையிலும் கதவு திறந்திருக்கும். நீதிபதிகளுக்கும் நன்னடத்தை அதிகாரிகளுக்கும் இதைவிட வசதியான ஏற்பாடு வேறு எது? 1989இல் மயாமியில் முதல் போதைப்பொருள் நீதிமன்றம் தொடங்கி, பிறகு அந்த முறை நாடெங்கும் பரவியது. இப்படிச் சிகிச்சைக்கு ஆள் அனுப்பும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. சிறைக்குள் இருக்கும் சிகிச்சைத் திட்டங்கள், பரோலில் வருபவர்கள் தங்கும் மறுவாழ்வு இல்லங்கள் பலவும், குடியை விட ஏஏ வகுத்த 12 படிகளையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டன. மத நோக்கம் இருந்து அரசு அதிகாரிகள் இதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டியதை எடுத்தார்கள்.

ஏஏ மதம் இல்லை, ஆன்மிகம்தான் என்கிறார்களே?

ஏஏகாரர்கள் மனதார நம்பித்தான் அப்படிச் சொல்கிறார்கள். எந்தச் சபையோடும் தங்களுக்குத் தொடர்பில்லை, குடியை விடும் ஆசை இருந்தால் போதும், நாத்திகரும் வரலாம் என்பது அவர்கள் நிலை. நாத்திகர்களுக்கென்றே நடக்கும் ஏஏ குழுக்களும் உண்டு.

ஆனால் நீதிமன்றங்கள் பெயரைப் பார்க்கவில்லை, உள்ளே நடப்பதைப் பார்த்தன. 12 படிகளில் 2, 3, 5, 6, 7, 11 ஆகிய ஆறு படிகள் நேரடியாகக் கடவுளையோ நம்மைவிடப் பெரிய சக்தியையோ பேசுகின்றன. மூன்றாம் படி, நம் விருப்பத்தையும் வாழ்க்கையையும் கடவுளின் பொறுப்பில் ஒப்படைக்கச் சொல்கிறது. ஐந்தாம் படி, செய்த தவறுகளைக் கடவுளிடம் ஒப்புக்கொள்வது. ஏழாம் படி, நம் குறைகளை நீக்கும்படி அவரிடம் பணிவோடு வேண்டுவது. பதினொன்றாம் படி, பிரார்த்தனையாலும் தியானத்தாலும் அவரோடுள்ள தொடர்பை வளர்ப்பது. பல கூட்டங்கள் பரமண்டல ஜெபத்தோடு முடிகின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு, மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அரசியலமைப்பின் கண்ணில் இது மதச் செயல்பாடுதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

கடவுளை நம் விருப்பப்படி புரிந்துகொள்ளலாம் என்று அந்தப் படிகளிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் கடவுளை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள் என்பதும், நினைக்காமலே இரு என்பதும் ஒன்றல்ல. அங்கே ஸ்பான்சராக வரும் மூத்த உறுப்பினர், கதவுக் கைப்பிடியைக்கூட உயர்ந்த சக்தியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதுண்டு. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் நம்பாத ஒருவர் நீதிபதிக்குப் பயந்து கதவுக் கைப்பிடியை வணங்குவதாக நடிப்பதில் அவருக்கும் மரியாதை இல்லை, நம்பிக்கையோடு அங்கே வருபவருக்கும் மரியாதை இல்லை.

இதற்கு அரசியலமைப்பில் எந்த இடத்தில் தடை இருக்கிறது?

1791இல் வந்த முதல் சட்டத்திருத்தத்தில். அதன் தொடக்கமே, மதத்தை நிறுவும் சட்டத்தையும் அதைப் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்பதுதான். 1802இல் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு மதில் இருப்பதாகச் சொன்னார். அந்த மதிலைக் கேட்டு நின்றவர்கள் நாத்திகர்கள் அல்லர், சிறுபான்மைக் கிறிஸ்தவர்கள். மதத்தைக் காப்பாற்றவும்தான் இந்தப் பிரிவினை என்பதை மறந்துவிட்டால் இந்த வழக்குகளே புரியாது.

முதலில் மத்திய அரசை மட்டும் கட்டுப்படுத்திய இந்தத் தடை, 1947இல் எவர்சன் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்களையும் கட்டுப்படுத்துகிறது. 1992இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில், பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் குருமாரை அழைத்துப் பிரார்த்தனை நடத்துவதே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே மாணவர்கள் செய்ய வேண்டியிருந்தது சிறிது நேரம் எழுந்து நிற்பதுதான். அதுவே கட்டாயம் என்றால், சிறையைக் காட்டி அனுப்புவதை என்னவென்று சொல்வது?

நீதிமன்றங்கள் எதை வைத்து முடிவெடுக்கின்றன?

1996இல் வந்த கெர் எதிர் ஃபாரி தீர்ப்பு மூன்று கேள்விகளை முன்வைத்தது. இதில் செயல்பட்டது அரசா? அந்தச் செயல் கட்டாயப்படுத்துகிறதா? கட்டாயப்படுத்துவது மத விஷயத்துக்காகவா, மதச்சார்பற்ற விஷயத்துக்காகவா? மூன்றுக்கும் பதில் அரசுக்கு எதிராக இருந்தால் அரசியலமைப்பு மீறல்.

விஸ்கான்சின் மாநிலத்து ஓக்ஹில் சிறையில் இருந்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களுக்காக ஏஏ பாணியில் நடக்கும் 'நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்குப் போயாக வேண்டும், மறுத்தால் பாதுகாப்பு கடுமையான சிறைக்கு மாற்றப்படலாம், பரோலும் கெடலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே, வட்டாரம் வட்டாரமாக இருக்கும் மத்திய நீதிமன்றங்களில் ஒன்று) இது தவறு என்றது. எளிமையான சோதனை என்பதால் மற்ற நீதிமன்றங்களும் இதை எடுத்துக்கொண்டன.

முக்கியமான வழக்குகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

இங்கே நிதானமாகப் போவோம், ஏனென்றால் இந்த உரிமை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்ட பாட்டில் வந்தது.

நியூயார்க் மாநிலம் ஆரஞ்ச் கவுண்டியில், 1990இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரை ஏஏ கூட்டத்துக்குப் போகும் நிபந்தனையோடு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். அவர் நாத்திகர். போய்ப் பார்த்துவிட்டு, இதிலிருக்கும் மதம் எனக்கு ஒத்துவரவில்லை என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரியோ, இவருக்கு ஈடுபாடு போதவில்லை என்று முடிவுசெய்து 12 படிகளை இன்னும் ஆழமாக அலசும் கூட்டங்களுக்கு அனுப்பினார். வார்னர் எதிர் ஆரஞ்ச் கவுண்டி என்ற அந்த வழக்கில் இரண்டாம் வட்டார நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கிடைத்த இழப்பீடு ஒரே ஒரு டாலர். ஆனால் பின்னால் வந்த எல்லோரும் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

அதே 1996இல் நியூயார்க் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்துக்கு கிரிஃபின் எதிர் கௌக்லின் வழக்கு வந்தது. ஷாவன்கங்க் சிறையில் இருந்த கைதி, குடும்பத்தோடு தங்கியிருக்க அனுமதிக்கும் திட்டத்தில் சேர வேண்டுமானால் 12 படிகளைக் கொண்ட போதைச் சிகிச்சையில் கலந்துகொள்ள வேண்டும் என்றார்கள். தண்டனை கூடவில்லை, சலுகைதான் போகிறது. அதுகூடக் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம். மனைவி மக்களோடு இருக்கும் நேரத்தைப் பணயமாக வைப்பதை என்னாலும் வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை.

ஹவாயில் ஒரு பௌத்தர். பரோலில் வரும்போது 12 படிச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவருடைய வழக்கறிஞர் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். அப்படியும் அனுப்பினார்கள். திட்டத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார், பரோலும் ரத்தானது. வழக்கு முடியுமுன்பே அவர் இறந்துவிட, மகன் தொடர்ந்து நடத்தினார். 2007இல் இனோவே எதிர் கெம்னா தீர்ப்பில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. இந்தச் சட்டம் ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த சட்டம், எனக்குத் தெரியாது என்று பரோல் அதிகாரி தப்ப முடியாது என்றது.

அப்புறம் ஹேசல் எதிர் க்ரோஃபுட். வடக்கு கலிஃபோர்னியாவில் போதைப்பொருள் வழக்கில் சிறையிலிருந்து 2007இல் பரோலில் வந்த நாத்திகர் ஒருவர், மதம் இல்லாத சிகிச்சை கேட்டார். இந்தப் பகுதியில் இருப்பதெல்லாம் 12 படிதான் என்று பதில் வந்தது. அனுப்பப்பட்ட சிகிச்சை இல்லத்தில் தங்கிக்கொண்டே எழுத்தில் முறையிட்டார். இவர் நயமாகத்தான் பேசுகிறார், ஆனாலும் இடையூறு செய்கிறார் என்று இல்லத்து ஊழியர்கள் அறிக்கை கொடுத்தார்கள். பரோல் ரத்தாகி, கூடுதலாக 100 நாள் சிறை. உரிமை மீறப்பட்டது என்று கீழ் நீதிமன்ற நீதிபதியே சொன்ன பிறகும் ஜூரி கொடுத்த இழப்பீடு பூஜ்யம். அது செல்லாது, சுதந்திரத்தை இழந்தவருக்கு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014இல் கலிஃபோர்னியா மாநிலமும், சிகிச்சைக்கு ஏற்பாடு செய்த ஒப்பந்த நிறுவனமும் சேர்ந்து 19 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்தன.

கடவுளைப் பேசும் சிகிச்சைத் திட்டத்தை எதிர்த்த மிசௌரி சிறைக் கைதி ஒருவரின் வழக்கை முகாந்திரம் இல்லையென்று தள்ளியது தவறு என 2014இல் எட்டாம் வட்டார நீதிமன்றமும் சொன்னது. அது ஜாக்சன் எதிர் நிக்சன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. எனக்கும் இது பொருந்துமா?

கண்டிப்பாக. இது நாத்திகர்களின் உரிமை மட்டும் என்று நினைத்துத்தான் பலர் வாய் திறப்பதில்லை. மிச்சிகன் மாநிலத்து ஜெனசி கவுண்டியில் ஒரு கத்தோலிக்க இளைஞரைப் போதைப்பொருள் நீதிமன்றம் ஒரு பெந்தெகொஸ்தே இல்லத்துக்கு அனுப்பியது. அங்கே அவருடைய ஜெபமாலையைப் பறித்துக்கொண்டார்கள், பாதிரியாரைப் பார்க்க விடவில்லை, சொந்த மதத்தைக் கைவிடும்படி நெருக்கினார்கள். 2008இல் மத்திய மாவட்ட நீதிமன்றம் அவருடைய முறையீட்டில் நியாயம் இருப்பதாக ஏற்றது. அவரும் கிறிஸ்தவர், அந்த இல்லமும் கிறிஸ்தவ இல்லம். அப்படியும் அது மதத் திணிப்புதான்.

முருகனைக் கும்பிடுகிறவர், ஐந்து வேளை தொழுகிறவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் இன்னொருவரின் வழிபாட்டில் அரசு கட்டாயப்படுத்தி உட்கார வைக்க முடியாது.

சிறைக்குப் பதிலாக சர்ச்சுக்குப் போ என்று நீதிபதி சொல்லலாமா?

கூடாது. ஆனாலும் நடந்திருக்கிறது. 2011இல் அலபாமாவின் பே மினெட் நகரில், சிறு குற்றங்கள் செய்தவர்கள் சிறைக்கும் அபராதத்துக்கும் பதிலாக ஒரு வருடம் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகலாம் என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏசிஎல்யூ எனப்படும் அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்ததும் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஒக்லஹோமாவின் மஸ்கோகியில், குடித்துவிட்டு ஓட்டி நண்பனின் சாவுக்குக் காரணமான 17 வயதுப் பையனுக்கு, 10 வருடம் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனையாக வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பமே அதை ஏற்றுக்கொண்டதே என்று சிலர் கேட்டார்கள். அவர்களின் துயரத்தின் முன்னால் தலைகுனிகிறேன். ஆனால் தண்டனை கொடுப்பது அரசு, அதனால் வரம்பும் அரசுக்குத்தான்.

2021இல் பத்தாம் வட்டார நீதிமன்றம் தீர்த்த ஜானி எதிர் காமெஸ் வழக்கு இதற்கு நெருங்கியது. கொலராடோவில் பரோலில் வந்த நாத்திகர் ஒருவரை ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு கிறிஸ்தவத் தொண்டு இல்லத்தில் தங்கச் சொன்னார் பரோல் அதிகாரி. அங்கே வேதபாடம், ஜெபக்கூட்டம், மத ஆலோசனை எல்லாவற்றிலும் கலந்துகொள்ள வேண்டும். இல்லத்தின் விதிகளுக்குக் கட்டுப்படு, இல்லாவிட்டால் சிறை என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். கடைசியில் சிறைக்கே திரும்பினார். அதிகாரி மட்டுமல்ல, அவரோடு கைகோத்த இல்லத்தின் இயக்குநரும் அரசின் சார்பில் செயல்பட்டவராகக் கருதப்படலாம் என்றது நீதிமன்றம்.

மாற்று வழியும் கொடுத்தால் ஏஏவுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். உண்மையான தேர்வு இருந்தால் மீறல் இல்லை. கலிஃபோர்னியாவில் 1994இல் ஒரு மத்திய மாவட்ட நீதிமன்றம், 'ரேஷனல் ரிகவரி' போன்ற மதச்சார்பற்ற குழுவுக்கும் போகலாம் என்று இருந்ததால் குடிபோதை ஓட்டுநர் திட்டத்தை அனுமதித்தது. 2003இல் விஸ்கான்சினில், மில்வாக்கியின் 'ஃபெய்த் வொர்க்ஸ்' என்ற கிறிஸ்தவ இல்லத்துக்கு ஆள் அனுப்பியதை எதிர்த்த வழக்கும் தோற்றது. அதிகாரி பரிந்துரைக்கத்தான் செய்கிறார், விருப்பமில்லாதவர் வேறு இல்லத்துக்குப் போகலாம் என்பது காரணம்.

இதற்கு நேர்மாறு அயோவா. நியூட்டன் சிறையில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு அரசுப் பணத்தில் மறுவாழ்வுத் திட்டம் நடத்தியது. கைதிகள் விரும்பித்தான் சேர்ந்தார்கள், ஆனால் அதற்கு இணையான மதச்சார்பற்ற திட்டமே கிடையாது. 2007இல் எட்டாம் வட்டார நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற சாண்ட்ரா டே ஓகானரும் அந்த அமர்வில் இருந்தார்.

என் கருத்து இதில் கொஞ்சம் கடுமையானது. காகிதத்தில் இருக்கும் மாற்று போதாது. நூறு மைல் தள்ளி ஒரு குழு இருக்கிறது என்பதும், ஆட்சேபித்தால் மட்டும் சொல்வோம் என்பதும் தேர்வு ஆகாது. தீர்ப்பு நாளன்றே, ஒருவர் கேட்காமலே, உங்களுக்கு இந்த வழிகள் இருக்கின்றன என்று நீதிபதி சொல்ல வேண்டும். பயந்துபோய் நிற்கும் மனிதரிடம் அவருடைய உரிமையை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது நியாயமில்லை.

நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேனே?

இது சிக்கலான இடம். நிபந்தனை போடும்போது ஆட்சேபிக்காததால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற வாதம் வார்னர் வழக்கிலேயே எழுந்தது, ஒரு நீதிபதி அதை ஏற்று மாறுபட்டும் எழுதினார். ஆனாலும் வழக்குப் போட்டவர்தான் ஜெயித்தார். ஏஏ கூட்டத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் கொடுத்த சம்மதம் வேறு, தெரிந்து கொடுத்த சம்மதம் வேறு. தெரிந்ததும் உடனே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

அப்படியானால் ஏஏ பயனில்லாததா?

இல்லவே இல்லை. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரின் விவரங்களையும் தொகுத்துப் பார்த்தது. முழுமையாகக் குடியை நிறுத்தியிருப்பதில், ஏஏவும் அதோடு இணைக்கும் முறையான சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தன. ஏஏவால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். இங்கே கேள்வி ஏஏ நல்லதா கெட்டதா என்பது இல்லை. நல்லதாகவே இருந்தாலும் வழிபாட்டை அரசு கட்டாயமாக்கலாமா என்பதுதான். ஏஏவின் அடிப்படையே தானாக விரும்பி வருவது. போலீஸுக்குப் பயந்து வந்து உட்காருபவரால் அந்தக் கூட்டத்துக்கும் நன்மை இல்லை.

மதச்சார்பற்ற வழிகள் என்னென்ன?

1994இல் தொடங்கிய 'ஸ்மார்ட் ரிகவரி'தான் அதிகம் கிடைப்பது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சை முறையில் போகும், கடவுள் பேச்சு இருக்காது. ஆன்லைன் கூட்டங்களும் உண்டு, வந்ததற்குச் சான்றும் கேட்டு வாங்கலாம். 'லைஃப்ரிங்' இன்னொன்று. 'விமன் ஃபார் சோப்ரைட்டி' பெண்களுக்கானது, அதில் லேசான ஆன்மிகச் சாயல் இருக்கும். இவை போக, உரிமம் பெற்ற ஆலோசகரிடம் தனியாகப் போகலாம். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம். இவற்றையெல்லாம் அதிகாரி முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் கணக்கில் வரும், அதை மறக்க வேண்டாம்.

மத அமைப்பு அரசு மானியம் வாங்கிச் சிகிச்சை நடத்தினால்?

போதைச் சிகிச்சைக்கான மத்திய அரசின் மானியங்களுக்குத் தனி விதி உண்டு. மத அமைப்பு அந்தப் பணத்தை வாங்கலாம், ஆனால் அதை வழிபாட்டுக்கோ மதபோதனைக்கோ செலவிடக் கூடாது. அந்த இடத்தின் மதத் தன்மை உங்களுக்கு ஒத்துவராவிட்டால் வேறிடம் கேட்கலாம், அந்த உரிமையை அவர்களே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏஏ கூட்டத்தில் நான் சொல்வது ரகசியமாக இருக்குமா?

பலரும் தவறாக நினைக்கும் விஷயம் இது. நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில், தான் செய்த கொலைகளை ஒருவர் ஏஏ உறுப்பினர்களிடம் சொல்ல, அதுவே வழக்கில் சாட்சியமானது. ஏஏ மதம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள், அப்படியானால் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் போல இதற்கும் ரகசியப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் தரப்பு வாதிட்டது. 2001இல் மத்திய மாவட்ட நீதிபதி அதை ஏற்றார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆன்மிக வழிகாட்டுதல் கேட்டுச் சொன்ன பேச்சு அல்ல என்பது அதன் விளக்கம். ஆகவே ஏஏவின் ரகசியம் உறுப்பினர்களின் நாணயத்தில்தான் நிற்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பவர் வழக்கு பற்றி அங்கே பேசாமல் இருப்பது நல்லது.

ஏஏ மீதே வழக்குப் போடலாமா?

அதில் அர்த்தமில்லை. ஏஏ தனியார் அமைப்பு, யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கூட்டத்துக்கு வந்ததாக நீதிமன்றத்தில் காட்டும் 'கோர்ட் ஸ்லிப்'பில் கையெழுத்துப் போடுவதும் போடாததும்கூட ஒவ்வொரு குழுவின் இஷ்டம். கட்டாயப்படுத்துவது அரசு, அதனால் வழக்கும் அரசு அதிகாரிகள் மீது.

உச்ச நீதிமன்றம் இதில் என்ன சொல்லியிருக்கிறது?

நேரடியாக இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. கிரிஃபின் வழக்கை விசாரிக்க 1997இல் மறுத்துவிட்டது. 2022இல் கென்னடி எதிர் ப்ரெமர்டன் வழக்கில் மதப் பிரிவினை பற்றிய பழைய அளவுகோலைக் கைவிட்டு, வரலாற்றையும் மரபையும் பார்க்கச் சொன்னது. அதனால் பலருக்குக் கவலை. ஆனால் அந்தத் தீர்ப்பும்கூட, அரசு யாரையும் மதச் செயலில் கட்டாயமாகப் பங்கேற்க வைக்கக் கூடாது என்பதை மறுக்கவில்லை. ஏஏ வழக்குகள் நிற்பது அந்தத் தளத்தில்தான்.

சரி, எனக்கு இப்படி உத்தரவு வந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில், போவதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அது நிபந்தனை மீறல் ஆகிவிடும், மத விஷயம் பின்னால் போய்விடும். சொல்லிவிட்டு, மாற்று கிடைக்கும்வரை எதிர்ப்பைப் பதிவுசெய்துகொண்டே போங்கள். கெர் வழக்கின் கைதியும் அப்படித்தான் போனார்.

ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, இந்தத் திட்டத்தில் பிரார்த்தனையும் கடவுளிடம் ஒப்படைப்பதும் இருக்கின்றன, அது என் நம்பிக்கைக்கு முரண், இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் நடக்கும் இந்த மதச்சார்பற்ற திட்டத்தை அனுமதியுங்கள் என்று நான்கே வரி போதும். முதல் வரிதான் மிக முக்கியம். குடியை விட மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்று யாரும் எழுதிவிடாமல் அது காக்கும். மாற்றை நீங்களே தேடி எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கு மறுப்பது கஷ்டமாகும்.

அதிகாரி கேட்காவிட்டால் அவருடைய மேலதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு நிபந்தனையைத் திருத்தும்படி நீதிபதியிடமே வழக்கறிஞர் மூலம் மனுப் போடலாம். அரசு செலவில் கிடைத்த பொது வழக்கறிஞர் இருந்தால் அவரிடம் இனோவே, ஹேசல் வழக்குகளின் பெயரைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் இந்தச் சட்டம் நினைவில் இருக்காது. சிறையில் இருப்பவர் உள்ளே இருக்கும் குறைதீர்ப்பு நடைமுறையை முழுவதும் முடித்த பிறகே மத்திய நீதிமன்றத்துக்குப் போக முடியும், 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. விசாவில் இருப்பவர்கள் எந்த நிபந்தனையையும் மாற்றுமுன் குடிவரவு வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏற்கனவே உள்ளே தள்ளிவிட்டார்கள் என்றால்?

அரசு அதிகாரிகள் உரிமையை மீறினால் இழப்பீடு கேட்க 1871இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதன்கீழ் வழக்குப் போடக் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டு, நியூயார்க்கில் மூன்று. நீதிபதிக்கு எதிராக இழப்பீடு கிடைக்காது, அவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. பரோல் அதிகாரியும் நன்னடத்தை அதிகாரியும், சட்டம் தெளிவாக இல்லாத காலத்தில் நடந்தது என்று தப்பலாம். கெர் வழக்கில் அதிகாரிகள் அப்படித்தான் இழப்பீட்டிலிருந்து தப்பினார்கள். இனோவேக்குப் பிறகு, கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஹவாய் உள்ளிட்ட ஒன்பதாம் வட்டார மாநிலங்களில் அந்த வழி அடைபட்டுவிட்டது.

பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். ஏசிஎல்யூவின் மாநிலக் கிளைகள், விஸ்கான்சினின் மேடிசனில் இருக்கும் 'ஃப்ரீடம் ஃப்ரம் ரிலிஜியன் ஃபவுண்டேஷன்', 'அமெரிக்கன்ஸ் யுனைடெட்' ஆகியவை மதத்தையும் அரசையும் பிரித்து வைப்பதற்காகப் பல ஆண்டுகளாக வழக்காடி வருகின்றன. அவர்களுக்கு எழுதும்போது நீதிமன்ற உத்தரவின் நகலையும், நீங்கள் கொடுத்த ஆட்சேபணைக் கடிதத்தையும், அதற்கு வந்த பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.